பவர் சப்ளையை எங்கே வைப்பது

என் கணினி முதல் தடவை அணைந்தபோது ஒரு மருத்துவர் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடல் கடந்து எங்கோ இருக்கிற மருத்துவர். நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவர் வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, வரிச்சிக்குடியில் உட்கார்ந்து காதில் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது என் வேலை. இடது கீழறை என்று ஆரம்பித்தார். படக்கென்று ஒரு சத்தம். திரை கறுத்தது. காதிலிருந்த மருத்துவரும் போய்விட்டார். மிச்சமிருந்தது குக்கர் மட்டும்தான். அது அடுத்த விசிலை அடித்தது.

அலுவலகத்தில் குக்கருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். என் அலுவலகம் அடுப்படியில் இருந்தது. அடுப்பு மேடைக்கும் பின்கதவுக்கும் நடுவே, முன்பு கிரைண்டர் இருந்த இடத்தில், ஒரு சின்ன மேஜை. அதன் மேல் திரையையும் விசைப்பலகையையும் வைத்தால் ஒரு டம்ளர் வைக்கக்கூட இடம் மிஞ்சாது. எனவே கணினியின் பெட்டி கீழே, தரையில்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான், கல்யாணத்துக்குப் பின் விட்டுப்போன வேலையை மறுபடி பிடித்தேன். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். மேஜைக் கணினிதான் வேண்டும், லேப்டாப் ஆகாது என்பது அவர்கள் வைத்த விதி. ஏன் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு வேலை கொடுக்கிறவர்களிடம் ஏன் என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. கணினி வாங்கியதும் நான் வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசல் பக்கத்து அறையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அது என் கொழுந்தனாரின் அறை. அவர் பிரான்சில் இருக்கிறார். பொங்கலையொட்டி வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அறை பூட்டியே கிடக்கும். கட்டில் மெத்தைக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. காற்றும் வெளிச்சமும் அந்த அறைக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்குக் கதவு உண்டு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. காதால் கேட்டுப் பிழைக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய வசதி என்ன இருக்கிறது?

அத்தை முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்கிற பழக்கம் என் மாமியாருக்குக் கிடையாது. அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் என்றார். அவருடைய அண்ணன், எனக்குப் பெரியப்பா முறை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாஸ்து பார்க்க ஆரம்பித்திருந்தார். காசு வாங்க மாட்டார். அதனாலேயே அவர் சொன்னதை யாராலும் தட்ட முடியாது. வந்தார். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, கூடத்தின் நடுவே நின்று, சிக்னல் தேடுகிறவர் மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பினார்.

“கரண்டுன்னா என்னம்மா? நெருப்புதானே?” என்றார் என்னிடம். “நெருப்பு எங்க இருக்கணும்? அக்னி மூலைல.”

எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. தென்கிழக்கு மூலையான அக்னி மூலையில் இருப்பது அடுப்படி. வடமேற்கான வாயு மூலையில் இருப்பது நான் கேட்ட அறை.

நான் மின்பொறியியல் படித்தவள். படிப்பு எதற்கும் ஆகாமல் போனாலும் வாய் சும்மா இருப்பதில்லை. “அப்ப ஃபேன், டிவி, ஃபிரிட்ஜெல்லாம் என்னங்க பெரியப்பா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் சின்ன நெருப்பும்மா. இது நாள் முச்சூடும் கொதிச்சுகிட்டே இருக்குமாம்ல. வாயு மூலைல கொண்டுபோயி வச்சா வீட்டு ஆம்பளைக்குத்தான் ஆகாது.”

வீட்டு ஆம்பளை, அதாவது என் கணவர், பக்கத்தில் நின்று தலையாட்டினார். கீழவாஞ்சூரில் சரக்கு லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை அவருக்கு. நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் இருப்பார்.

“அடுப்பாங்கரைன்னா உனக்கும் வசதிதானே,” என்றார் அத்தை. “குழம்பு கொதிக்கிறதையும் பாத்துக்கலாம்.”

அதுதான் விஷயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அப்படித்தான் கிரைண்டர் கொல்லைப்பக்கம் போனது, நான் அதன் இடத்துக்கு வந்தேன்.

முதல் தடவை அணைந்தது ஆடி வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் வீட்டைத் துடைக்க மாட்டார்கள், கழுவுவார்கள். தினமும் மதியம் சாப்பாடானதும் அடுப்படிக்கு ஒரு வாளித் தண்ணீர். வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுக்க. ஆடி வெள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியோடு வீசி ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் சர்ரென்று பின்கதவுக்குத் தள்ளுவார். அந்தத் தண்ணீர் போகிற வழியில்தான் என் பெட்டி இருந்தது. நான் காதில் மருத்துவரோடு இருந்தேன். பார்க்கவில்லை.

காரைக்காலிலிருந்து கணினிக் கடைக்காரர் வண்டியில் வந்தார். என் வயதுதான் இருக்கும். தொழிலில் கர்வம் உள்ளவர். பெட்டியைச் சாய்த்து, அடியிலிருந்த வலையை உருவிக் காட்டினார். சேறு கோடு கோடாகப் படிந்திருந்தது.

“எஸ்.எம்.பி.எஸ். போச்சுங்க மேடம்.”

பவர் சப்ளையைத்தான் கடைகளில் அப்படிச் சொல்வார்கள். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, பெட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் தேவையான அளவில் பிரித்துக் கொடுக்கிற இரும்பு டப்பா. அதற்கென்று சொந்தமாக ஒரு விசிறி உண்டு. என் பெட்டியில் அந்த டப்பா அடித்தளத்தில், விசிறி தரையைப் பார்த்தபடி இருந்தது. பெட்டியின் கால்கள் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. அத்தை தள்ளிய தண்ணீர் அடியில் போக, மேலிருந்த விசிறி ஈரத்தை ஆசையாக இழுத்திருக்கிறது.

“இத மேல வச்சிருக்கலாம்லங்க? முன்னாடியெல்லாம் மேலதானே இருக்கும்?” என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அதெல்லாம் பழைய மாடல் மேடம். இப்ப கீழதான். மேல வச்சா உள்ள இருக்கிற சூடு மொத்தத்தையும் அது குடிக்கணும். கீழ வச்சா தரைலேந்து குளுந்த காத்த எடுத்துக்கும். வயரையும் மறைச்சிடலாம். பெட்டியும் ஆடாம நிக்கும்.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தரையில் குளிர்ந்த காற்று இருக்கும், அதை எடுத்துக்கொள் என்று யோசித்து அந்தப் பெட்டியைச் செய்தவர்களும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ மாட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டுத் தரையில் காற்று இருக்கிறதோ இல்லையோ, தண்ணீர் இருக்கும்.

புது பவர் சப்ளை வந்தது. என் கணவர் இரண்டு சிமெண்ட் கல் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் பெட்டியை ஏற்றினார். அத்தையும் ஒத்துழைத்தார். மேஜைக்கு அடியில் மட்டும் ஊற்றாமல், துடைப்பத்தை நனைத்துத் தள்ளினார். தை மாதம் வரை ஓடியது. பொங்கலுக்கு வந்த கொழுந்தனார் அடுப்படியில் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணி, ஆபீஸ் சூப்பரா இருக்கு. காபியும் கையோட கெடைக்கும்,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

தை பிறந்தால் எங்களைச் சுற்றி அறுவடை. பின்கதவைத் திறந்தால் வயல். இயந்திரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வரும்போது வைக்கோல் தூசியும் பதரும் மேகமாகக் கிளம்பி வீட்டுக்குள் வரும். சாதாரண நாளில் பெருக்கித் தள்ளிவிடலாம். ஆனால் என் பெட்டிக்கு அடியில்தான் வலை இருக்கிறதே. அதில் முதலில் கோதுமை மாவு, அதன் மேல் தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் பதர்த்தூசி. பணியாரம் மாதிரி மெத்தென்று படிந்துவிட்டது. விசிறிக்குக் காற்றே இல்லை. ஒருநாள் காலை, ஒரு முழங்கால் அறுவைச் சிகிச்சையின் நடுவே, மறுபடியும் படக்.

இந்தத் தடவை என் மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது. ரொம்ப மரியாதையான செய்தி. வீட்டில் தொடர்ந்து இடைஞ்சல் இருக்குமானால் வேறு யாருக்காவது அந்த வேலையைக் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றிருந்தது. படித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கியதைத் துடைத்தேன்.

உண்மையைச் சொல்வதானால், அந்த நாட்களில் எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு வேலை போய்விடுமோ என்று பயம். இன்னொருத்தி ஒவ்வொரு தடவை திரை கறுக்கும்போதும், இந்தத் தடவையாவது இவர்களுக்குப் புரியும், முன்னறையைத் திறந்துவிடுவார்கள் என்று சந்தோஷப்படுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தி தூங்க வேண்டும். தூக்கம் சரியாக வரவில்லை.

கடைக்காரர் வந்து, பவர் சப்ளையைத் திருகு கழற்றி எடுத்து, தலைகீழாகத் திருப்பி மாட்டினார். இப்போது விசிறி மேலே பார்த்தது. இனி தரையிலிருந்து தூசியும் வராது, ஈரமும் வராது, பெட்டிக்குள் இருக்கிற காற்றையே எடுத்துக்கொள்ளும் என்றார்.

“உள்ள இருக்கிற காத்து சூடால்ல இருக்கும்?” என்றேன்.

“கொஞ்சம் இருக்கும் மேடம். தாங்கும்.”

சித்திரை வரை தாங்கியது. சித்திரையில் எங்கள் அடுப்படி எப்படி இருக்கும் என்பதை அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். மேடையில் இரண்டு அடுப்பும் எரியும். சுவரே சுடும். நான் ஒரு கையால் தோசையைத் திருப்பிவிட்டு மறுகையால் தட்டச்சு செய்வேன். காலுக்குப் பக்கத்தில் பெட்டி உஸ் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும். தன் சூட்டையே திரும்பத் திரும்ப மூச்சிழுத்து, பதினொரு மணிவாக்கில் தானாகவே அணைந்துவிடும். ஆறவிட்டு எழுப்பினால் எழும். தோசைக்கல்லை வைத்தால் மறுபடி படுத்துவிடும். அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. என்ன, எனக்கு அணைந்துபோகிற வசதி இல்லை.

கடைசியில் கடைக்காரர் தன் கர்வத்தை விட்டுக்கொடுத்தார். கடையின் பின்னறையில் கிடந்த ஒரு பழைய கேபினெட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். மங்கிய வெள்ளைத் தகரம், கண்ணாடி கிடையாது, வண்ண விளக்கு கிடையாது. பவர் சப்ளைக்கு இடம் மேலே, பின்பக்கம், பழைய மாடல்படி. என் பெட்டியின் குடலையெல்லாம் எடுத்து இதற்குள் மாற்றினார். உட்கார்ந்து வேலை செய்தவர் வியர்வையைத் துடைத்தபடி, “எப்படிங்க மேடம் இங்க உக்காந்து வேல பாக்குறீங்க?” என்றார். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். காபி போட்டுக் கொடுத்தேன்.

பழைய கேபினெட் நன்றாகத்தான் உழைத்தது. ஆனால் கல்லின் மேல் ஏற்றி வைத்ததில் அதன் தலை அடுப்பு மேடைக்குச் சமமாக வந்துவிட்டது. மீன் வறுக்கிற புகை நேராகப் போய்ப் பின்பக்கம் முட்டும். விசிறி இறக்கைகளில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று படிந்தது. ஆவணியில் ஒரு நாள், வெதுவெதுப்பைத் தேடிப் போன பல்லி ஒன்று பவர் சப்ளைக்குள் நுழைந்து, தானும் செத்து அதையும் சாகடித்தது.

“பல்லி எந்தப் பக்கமா விழுந்துச்சு?” என்று அத்தை பதறிப்போய்க் கேட்டார். பலன் பார்க்க.

“உள்பக்கமா,” என்றார் கடைக்காரர்.

அதற்குப் பஞ்சாங்கத்தில் பலன் இல்லை போலும். கடைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். என் கணவரும் அன்று வீட்டில் இருந்தார். அவரையும் அத்தையையும் பொதுவாகப் பார்த்துக் கடைக்காரர் சொன்னார்: “இதப் பாருங்க. கீழ வச்சா தண்ணியும் தூசியும். திருப்பி வச்சா சூடு. மேல வச்சா எண்ணெப் புகை. எஸ்.எம்.பி.எஸ்ஸ எங்க வைக்கிறதுங்கறது இல்ல இப்ப பிரச்சன. பெட்டி இந்த எடத்துலயே இருக்கக் கூடாது. அதால மூச்சு விட முடியல. இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

நான் வெந்நீர் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று பயம்.

அத்தைதான் முதலில் பேசினார். “பாவம்ப்பா. வேல போயிடப் போவுது. பெட்டிய முன்ரூம்ல வச்சிருங்க.”

என் காதையே நம்ப முடியவில்லை. அவரே போய்ச் சாவியை எடுத்து வந்தார். பெரியப்பாவுக்குப் போன் போனது. அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். “அது வாயு மூலை. வாயுன்னா காத்து. பெட்டிக்குக் காத்துதானே கொறச்சல்? தாராளமா வைக்கலாம்,” என்றார். போன வருடம் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்றது என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. பிரான்சிலிருந்து கொழுந்தனார் வீடியோவில் வந்து, “வச்சுக்கங்க அண்ணி, எனக்கென்ன,” என்றார். இவ்வளவு சுலபமா என்றிருந்தது எனக்கு.

என் கணவரும் கடைக்காரரும் புது பவர் சப்ளையும் வேறு சாமானும் வாங்க வேண்டும் என்று காரைக்காலுக்குக் கிளம்பிப் போனார்கள். நான் முன்னறையைக் கூட்டிக் கழுவினேன். கழுவிய ஈரம் காயட்டும் என்று காத்திருந்து, கட்டிலைத் தனியாக இழுத்துச் சுவரோடு போட்டேன். ஜன்னலுக்குக் கீழே மேஜை, வலப்பக்கம் ஒரு சின்ன ஸ்டூலில் பெட்டி, தரைக்கு நல்ல உயரத்தில். பவர் சப்ளை மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இங்கே கவலையில்லை. நாற்காலியை வைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலில் தெருவும் எதிர்வீட்டு முருங்கை மரமும் தெரிந்தன. எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டேன். சும்மாதான். அது சரியாக விழுகிறதா என்று பார்க்க. விழுந்தது. குக்கர் சத்தம் கேட்டது, ஆனால் அடுத்த வீட்டுக் குக்கர் மாதிரி தூரத்தில் கேட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் மட்டும் ஒரு கதவுக்குப் பின்னால் நின்றது அன்றுதான், குளியலறை நீங்கலாக.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டது. என் கணவர் இறங்கும்போதே உற்சாகமாக இருந்தார். தோளில் மாடு கட்டுகிற கயிறு மாதிரி, கருப்பாக, தடியாக ஒரு சுருள் வயர். பின்னால் கடைக்காரர் துளை போடுகிற இயந்திரத்தோடு வந்தார்.

“இது என்னங்க?” என்றேன்.

“நான்தான் யோசிச்சேன்,” என்றார் என் கணவர். அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்து நாளாயிற்று. “பெட்டிதானே அங்க போவணும்? திரைக்கும் கீபோர்டுக்கும் என்ன வந்துச்சு? அது அடுப்பாங்கரையிலயே இருக்கட்டும். கூடத்துச் சுவரு மேலயே வயர இழுத்துட்டா தீந்துபோச்சு. பெட்டி அங்க ஓடும், நீ இங்க வேல பாக்கலாம். ஒனக்கும் ஒண்ணும் மாத்த வேணாம்.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நானும் அங்கயே உக்காந்துக்கிறேங்க,” என்றேன். “மேஜைய போட்டுட்டேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் சொல்வது நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. “நீ அங்க போயி என்ன பண்ணப் போற? மூச்சு முட்டுனது பெட்டிக்குத்தானே?”

அத்தை உள்ளேயிருந்து, “கதவ சாத்திக்கிட்டு உக்காந்துட்டா அடுப்ப யாரும்மா பாக்குறது? கொல்லைப்பக்கம் யாரு வந்தாலும் தெரியாதே,” என்றார். அதிலும் கோபமில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்கிற குரல்தான்.

கடைக்காரர் மட்டும் துளை இயந்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றார். “வேணாம்னா சொல்லுங்க மேடம், வயர திருப்பி எடுத்துக்கிறேன்,” என்றார், என்னைப் பார்த்து.

மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும். காதால் வேலை செய்கிறவள் நான், எனக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும், எனக்கும் வியர்க்கிறது, ஒரு வருடமாக நீங்கள் எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்தீர்கள், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை ஒருவரும் பார்க்கவில்லை. இதையெல்லாம் சொல்லலாம். சொன்னால் இரவு சாப்பாட்டில் மௌனம், நாளைக்குப் பெரியப்பா, அப்புறம் பிரான்சிலிருந்து சமாதானம். அவ்வளவையும் தாங்க எனக்கு முதுகில் பலமில்லை. காலையில் ஷிப்டு இருந்தது. இன்னொரு தடவை அணைந்தால் வேலை இல்லை.

“மாட்டுங்க,” என்றேன்.

கூடத்தின் சுவரில், சாமி மாடத்துக்கு மேலாக, டிவிக்கு மேலாக, ஆணி அடித்து ஆணி அடித்து வயரை இழுத்தார்கள். அடுப்படி நிலைக்கு மேலே துளை போட்டு உள்ளே இறக்கினார்கள். நான் ஜன்னலடியில் போட்ட மேஜையை என் கணவரும் நானும் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தோம். கல் இரண்டையும் கொல்லையில் போட்டார். மேஜைக்கு அடியில் இடம் கிடைத்ததில் அத்தைக்குச் சந்தோஷம். வெங்காயக் கூடையை அங்கே தள்ளி வைத்தார்.

அன்றிலிருந்து கணினி ஒரு தடவைகூட அணையவில்லை. மேற்பார்வையாளர் பாராட்டிச் செய்தி அனுப்பினார். என் கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வயரைக் காட்டினார். தாங்கள் வைத்திருக்கிற பெட்டிக்கும் இப்படிச் செய்யலாமே என்று சிலர் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பெட்டியை எழுப்புகிற பட்டன் மட்டும் முன்னறையில் இருந்தது. காலையில் அதை அழுத்த நான்தான் அங்கே போக வேண்டும். புரட்டாசியில் ஒரு நாள், மழையும் வராமல் வெயிலும் விடாமல் புழுங்கித் தள்ளிய காலை. இட்லியை இறக்கிவைத்துவிட்டு, முதுகெல்லாம் நனைந்து, கழுத்தை முந்தானையால் துடைத்தபடி முன்னறைக்குப் போனேன். ஜன்னல் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

“நாந்தான் ஃபேன போட்டு விட்டேன்,” என்றார். “பாவம், நாள் முச்சூடும் ஒழைக்குதுல்ல. இந்தப் புழுக்கத்துல அதுக்கும் காத்து வேணும்ல.”

நான் பட்டனை அழுத்தினேன். சின்ன விளக்கு எரிந்தது. விசிறிக் காற்று என் ஈர முதுகில் பட்டது, ஜில்லென்று. இன்னும் ஒரு நிமிடம் நிற்கலாம் போலிருந்தது. சட்னி தாளிக்க வேண்டியிருந்தது.

எங்கள் அடுப்படியில் மின்விசிறி கிடையாது. காற்றில் அடுப்பு அணைந்துவிடும் என்று வீடு கட்டும்போதே மாட்டவில்லை. வந்து தாளித்து இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். மருத்துவர் பேச ஆரம்பித்தார். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. வருடம் முழுக்க வராத அழுகை, நிறுத்தவும் முடியவில்லை.

கூடத்தைத் தாண்டி அத்தையின் குரல் வந்தது. “பெட்டி நல்லா ஓடுதாம்மா?”

“நல்லா ஓடுதுங்க அத்தை,” என்றேன்.